கைபட்டுத் தேய்ந்தவை

பழைய நாட்டுப்புறக் கலைப்பொருள்களைச் சேகரிப்பவரிடம் பலரும் முதலில் கேட்பது, அது எத்தனை ஆண்டுப் பழமையானது என்பதைத்தான். எனக்கு அந்த எண்ணில் அவ்வளவு ஆர்வம் இல்லை. ஒரு பொருள் கைக்கு வந்தால் அதைத் திருப்பி, பின்புறத்தையும் அடிப்பகுதியையும்தான் முதலில் பார்க்கிறேன். இவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் கையெழுத்திட்டதில்லை, ஆண்டு குறித்ததும் அரிது. ஆகவே அப்பொருள் யாரிடம், எப்படிப் புழங்கியது என்பதற்கு அதன் தேய்மானமே முதற்சான்று.

முகமூடியை எடுத்துக்கொள்வோம். உண்மையிலேயே அணிந்து ஆடப்பட்டதென்றால், ஆடியவரின் நெற்றியும் கன்ன எலும்பும் பட்ட உட்பகுதிகள் வியர்வையால் கறுத்து வழவழப்பாகியிருக்கும். கயிறு கோக்கும் துளைகளின் விளிம்பு, கயிறு இழுபட்ட பக்கத்தில் மட்டும் மழுங்கியிருக்கும். எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது பெரும்பாலும் உப்புத்தாளின் வேலை. பூச்சி அரிப்பையும் பழமைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் மரத்தைக் குடையும் வண்டு வெளியேறிய இடம் சிறிய வட்டத் துளையாகவே தெரிய வேண்டும். அது குடைந்த பாதை மேற்பரப்பில் நீண்ட வாய்க்காலாகத் திறந்து கிடந்தால், முன்பே அரிபட்ட பழைய மரத்தைப் பிற்காலத்தில் யாரோ செதுக்கியிருக்கிறார்கள் என்று ஐயப்பட வேண்டும்.

துணிகளுக்குச் சாயம் உதவுகிறது. ஆங்கில வேதியியலாளர் வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தது 1856-இல். அத்தகைய சாயம் ஏறிய பூத்தையல் விரிப்பு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. வண்ணம் பூசிய மரச்சிற்பங்களில் டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி இருந்தால், அந்தப் பூச்சு இருபதாம் நூற்றாண்டுக்கு முந்தையதல்ல. ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. வழிபாட்டு உருவங்களுக்கு மக்கள் அவ்வப்போது புதுவண்ணம் பூசி வந்ததும் உண்டு. மேலடுக்கு புதியது என்பதாலேயே உருவம் போலியாகிவிடாது. ‘அசல்’ வண்ணத்தைத் தேடி அந்த அடுக்குகளைச் சுரண்டியெடுப்பது, அப்பொருளின் வாழ்க்கையில் பாதியைக் குப்பையில் போடுவதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

தன் கதையைத் தானே சொல்லும் விதிவிலக்குகளும் உண்டு. மெக்சிகோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவலாக வரையப்பட்ட நேர்த்திக்கடன் ஓவியங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. சிறிய தகரத்தகட்டில், நோயோ விபத்தோ நேர்ந்த காட்சியை மேலே வரைந்து, காப்பாற்றிய புனிதருக்கு நன்றியாக நடந்ததைக் கீழே எழுதிவைப்பார்கள். பெரும்பாலும் பெயர், ஊர், தேதி எல்லாம் அதிலேயே இருக்கும். மெக்சிகோ ஓவியர்களான ஃப்ரீடா காலோவும் டியேகோ ரிவேராவும் இவற்றைச் சேகரித்தவர்கள்.

எதை வாங்குவது என்பதைவிட எதை வாங்காமல் விடுவது என்பதே கடினமான கேள்வி. பப்புவா நியூகினியைச் சேர்ந்த நியூ அயர்லாந்து தீவில் இறந்தோருக்கான சடங்குக்காக நுணுக்கமாகச் செதுக்கப்படும் மலங்கன் உருவங்கள், சடங்கு முடிந்தபின் மட்கவோ எரியவோ விடப்பட்டவை. பயன் முடிந்தபின் வெளியாருக்கு விற்கப்பட்டதாலேயே பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதில் எனக்குப் பெரிய தடுமாற்றம் இல்லை. கென்யக் கடற்கரையின் மிஜிகெண்டா மக்கள் முன்னோர் நினைவாக நட்டுவைக்கும் விகாங்கோ மரத்தூண்களின் கதை வேறு. நட்ட இடத்திலிருந்து அகற்றவே கூடாத அவை ஏராளமாகத் திருடப்பட்டு வெளிநாட்டுச் சந்தைக்குச் சென்றன. பின்னர் சில அமெரிக்க அருங்காட்சியகங்கள் தம்மிடமிருந்தவற்றைத் திருப்பியளித்தன. கலாச்சாரப் பொருள்களின் சட்டவிரோதக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இலேயே வந்துவிட்டது. எனினும் சட்டம் அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சேகரிப்பாளரிடம் எனக்கு மரியாதை குறைவு. கொடுத்தவருக்கு அதைக் கொடுக்கும் உரிமை இருந்ததா என்பதையும் கேட்டாக வேண்டும்.

வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் ஜிரார்டு, தாமும் தம் மனைவியும் உலகெங்கிலுமிருந்து சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை, அமெரிக்காவின் சான்டா ஃபே நகரிலுள்ள பன்னாட்டு நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்துக்கு 1978-இல் வழங்கினார். 1982-இல் திறக்கப்பட்ட அவருடைய காட்சிக்கூடத்தில் பல நாட்டுப் பொம்மைகள் ஒன்றாகக் கூடி ஊராகவும் சந்தையாகவும் நிற்கின்றன. தனித்தனி விவரச்சீட்டு கிடையாது. கண்ணுக்கு அது பெருவிருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயரின்றிச் செய்தவர்களின் பொருளிலிருந்து ஊரையும் காலத்தையும்கூட நீக்கிவிட்டால், பார்ப்பவரின் ரசனை மட்டுமே மிஞ்சுகிறது.

என்னிடமுள்ள ஒவ்வொன்றுக்கும் அமிலமற்ற தாளில் பென்சிலால் எழுதிய சீட்டு உண்டு. பசை ஒட்டுவதில்லை, பருத்தி நூலால் கட்டுகிறேன். அதில் விற்றவர் சொன்னது ஒரு பக்கம், நான் சரிபார்த்தது மறுபக்கம். இரண்டையும் கலக்காமல் வைப்பதில் பிடிவாதமாக இருக்கிறேன், மறுபக்கம் பல சீட்டுகளில் இன்னும் காலியாகவே இருந்தாலும்.