ஒரே வலைப்பூ, மூன்று எண்ணிக்கை: வருகைக் கணக்கு பார்த்த குறிப்புகள்

சோதனைக்கு எடுத்தது கடலூர், புதுச்சேரி ஊர்த் தகவல்கள் எழுதும் ஒரு பிளாகர் (கூகுளின் வலைப்பூ சேவை) வலைப்பூ. இலவச பிளாக்ஸ்பாட் முகவரி. தேவனாம்பட்டினத்துக் கோட்டை, திருவந்திபுரம், மாசி மகத் தீர்த்தவாரி, 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் என்று பதிவுகள். பிளாகர் தானே காட்டும் புள்ளிவிவரம், கூகுள் அனலிட்டிக்ஸ் 4 (பக்கத்தில் நிரல் வைத்து வருகையை எண்ணும் கருவி), சர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் நம் பக்கம் எத்தனை தடவை காட்டப்பட்டது, க்ளிக் ஆனது என்று சொல்வது) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே நாளுக்கு மூன்றும் மூன்று எண் சொல்கின்றன. எது பொய் என்று தேடிப் பயனில்லை. மூன்றும் எண்ணுவது வேறு வேறு பொருளை.

முதலில் வீட்டுக் கணக்கைக் கழிக்க வேண்டும். சின்ன வலைப்பூவில் எழுத்துப்பிழை திருத்த நாமே 20 தடவை திறந்திருப்போம். பிளாகரின் புள்ளிவிவரப் பக்கத்தில் சொந்தப் பார்வைகளைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்ல ஒரு வசதி உண்டு. அதை டிக் செய்தால் அந்த பிரவுசரில் ஒரு குக்கி (பிரவுசர் நினைவில் வைக்கும் சின்னக் குறிப்பு) உட்காரும், அவ்வளவுதான். போனுக்குத் தனியாக, லேப்டாப்புக்குத் தனியாகச் செய்ய வேண்டும். குக்கியைத் துடைத்தாலோ இன்காக்னிட்டோவில் திறந்தாலோ நாமும் வாசகர்தான். ஃபேஸ்புக் செயலிக்குள்ளேயே திறக்கும் பக்கத்துக்கு குரோமில் போட்ட குக்கி தெரியாது. டிக் போட்ட பிறகும் எண் ஏறினால் முதலில் இங்கே பாருங்கள்.

அடுத்து தானியங்கி வருகை. தேடுபொறிகளும் வேறு பல நிரல்களும் பக்கத்தை எடுத்துப்போகும்போது, அதில் ஒரு பகுதி பிளாகரின் எண்ணிக்கையில் கலந்துவிடுகிறது. அடையாளம் சுலபம்: வாசகரே இல்லாத ஒரு நாட்டிலிருந்து, ஒரே மணி நேரத்தில், பழைய பதிவுகள் வரிசையாகத் திறக்கப்பட்டிருக்கும். எங்கிருந்து வந்தார்கள் என்ற பட்டியலில் சம்பந்தமில்லாத முகவரி தெரிந்தால் அதை க்ளிக் செய்யாதீர்கள். நாம் திறந்து பார்ப்போம் என்ற ஆசையில்தான் அது அங்கே வந்து நிற்கிறது.

அனலிட்டிக்ஸ் இதற்கு நேர் எதிர். பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் எண்ணும். தெரிந்த தானியங்கிகளைத் தானே கழித்துவிடும். விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கும் வாசகரையும் சேர்த்துக் கோட்டைவிடும். ஆகவே பிளாகர் எண் கூடுதல், இது குறைச்சல். உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது.

இணைக்க இரண்டு வழி. பிளாகர் அமைப்புகளில் அளவீட்டு எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. ஆங்கில 'ஜி' எழுத்தில் தொடங்கும் எண்ணை அங்கே ஒட்டினால் போதும். வெளியிலிருந்து இறக்கிய தீம்களில் (வலைப்பூவின் தோற்ற வார்ப்புகளில்) அதற்கான வரியே இல்லாமல் போவதுண்டு. அப்போது தீம் நிரலைத் திருத்தி, ஹெட் பகுதி முடிவதற்கு முன் முழு நிரலையும் ஒட்ட வேண்டும். பலரும் திணறுவது இங்கேதான். பிளாகர் தீம் எக்ஸ்எம்எல் (ஒவ்வொரு பண்புக்கும் மதிப்பு கேட்கும் கண்டிப்பான எழுத்து முறை) என்பதால், நிரலில் 'ஏசிங்க்' (async) என்ற சொல் தனியாக நின்றால் சேமிக்கவே விடாது. அதன் பின்னால் சமக்குறி போட்டு, மேற்கோளுக்குள் அதே சொல்லை மறுபடி எழுதினால் ஏற்றுக்கொள்ளும். இரண்டு வழியையும் ஒன்றாகச் செய்துவிடாதீர்கள். ஒரு பார்வை இரண்டாகப் பதிவாகலாம். ஒரு அமர்வில் (ஒருவர் ஒருமுறை வந்துபோவதில்) இரண்டு பக்கம் பார்த்தாலே அனலிட்டிக்ஸ் அதை 'ஈடுபாடு உள்ளது' என்று எடுத்துக்கொள்ளும் (10 விநாடிக்கு மேல் இருந்தாலும் அப்படித்தான்). எனவே ஈடுபாட்டு விகிதம் திடீரென்று 100-ஐ ஒட்டி நின்றால் சந்தோஷப்படாமல் தீம் நிரலைத் திறந்து பாருங்கள்.

அனலிட்டிக்ஸில் ஆரம்பத்திலேயே மாற்ற வேண்டியவை இரண்டு. நேர மண்டலம் அமெரிக்க பசிபிக் என்று கிடந்தால் நம் ஞாயிறு காலை வாசிப்பு சனிக்கிழமைக் கணக்கில் போய்விடும். குளிர்காலத்தில் வித்தியாசம் 13.30 மணி. தரவுத் தக்கவைப்பு (விவரத் தரவை எத்தனை காலம் வைத்திருப்பது) 2 மாதம் என்று இருக்கும், அதை 14 ஆக்குங்கள். ஏற்கெனவே அழிந்த தரவு திரும்ப வராது என்பதால் முதல் நாளே செய்வது நல்லது. வீட்டு ஐபியை (இணைய இணைப்பின் எண் முகவரியை) வடிகட்டும் வசதியும் இருக்கிறது. வீட்டு பிராட்பேண்டில் ஐபி மாறிக்கொண்டே இருந்தால் அதற்காக மெனக்கெட வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வரும் தலைவலி பக்க முகவரி. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகர் அதிலிருந்து முகவரி உருவாக்காது. 'பிளாக் போஸ்ட்' என்று வைத்து, பின்னால் ஒரு எண்ணை ஒட்டிவிடும். அறிக்கையைத் திறந்தால் பிளாக் போஸ்ட் 14, பிளாக் போஸ்ட் 27 என்று வரிசை. எது தீர்த்தவாரி, எது புயல்? புதுப் பதிவு என்றால் வெளியிடும் முன் வலப்பக்கம் நிரந்தர இணைப்பில் 'தனிப்பயன்' தேர்ந்து, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல் போடுங்கள். வெளியிட்டுவிட்ட பதிவைத் தொடும்போது கவனம் தேவை. வரைவுக்குத் திருப்பி முகவரியை மாற்றலாம், ஆனால் ஏற்கெனவே பகிர்ந்த லிங்க் எல்லாம் செத்துப்போகும். மாற்றிய கையோடு அமைப்புகளில் 'பிரத்யேகத் திசைமாற்றம்' போய், பழைய பாதையிலிருந்து புதுப் பாதைக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள். இரண்டு கட்டத்திலும் டொமைன் வேண்டாம், சாய்கோட்டில் தொடங்கும் பாதை மட்டும். பத்துப் பதிவுக்கு மேல் இதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. மீதிக்கு அனலிட்டிக்ஸில் பக்கப் பாதைக்குப் பதிலாகப் பக்கத் தலைப்பை முதல் பத்தியாக வைத்தால் தமிழ்த் தலைப்பே வந்துவிடும்.

போனில் திறந்தால் முகவரியின் வாலில் கேள்விக்குறி, 'எம்', சமக்குறி, 1 என்று பிளாகர் சேர்க்கும். வினாச் சரத்தோடு (கேள்விக்குறியில் தொடங்கும் அந்த வாலோடு) பார்க்கும் அறிக்கையில் ஒரே பதிவு இரண்டு வரியாகப் பிளந்து தெரிவது அதனால்தான். கூட்டிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்ட லிங்க் வழியாக வருகிறவர் பெரும்பாலும், எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்களைப் போடும் 'நேரடி' என்ற மூட்டைக்குள் விழுவார். பிரித்தறிய, லிங்கின் பின்னால் யுடிஎம் அடையாளம் மூன்று சேர்க்கலாம்: மூலம், ஊடகம், பிரச்சாரம். எல்லாமே சிறிய எழுத்தில் இருக்கட்டும். ஒருநாள் பெரிய 'டபிள்யூ', மறுநாள் சின்ன 'டபிள்யூ' என்றால் ஒரே வாட்ஸ்அப் இரண்டாகிவிடும்.

ஊர்வாரிப் பட்டியலை நம்பி எதையும் எழுதாதீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மொபைல் டேட்டாவில் படிப்பவர் சென்னை என்று பதிவாகலாம். ஐபி எங்கே பதிவாகியிருக்கிறதோ அதுதான் அங்கே தெரியும். மாநிலப் பட்டியலில் புதுச்சேரி தனி வரி. காரைக்கால், மாஹே, ஏனாம் அதற்குள் அடக்கம். பிரான்சிலிருந்து வரும் வாசிப்பு நம்ம ஊர் வலைப்பூவுக்கு இயல்பானதுதான், தானியங்கி என்று ஒதுக்கிவிட வேண்டாம். பாரிஸில் கோடைக்கால இரவு 9 மணிக்குப் படித்தால் இங்கே நள்ளிரவு 12.30, மறுநாள் கணக்கு.

சர்ச் கன்சோல்தான் எங்களுக்கு அதிகம் உதவியது. கூகுளில் என்ன தட்டச்சு செய்து வந்தார்கள் என்பது இதில்தான் விரிவாகத் தெரியும். நம் ஊருக்குப் பெயர் ஒன்றா? புதுவை, புதுச்சேரி, பாண்டிச்சேரி, பாண்டி. தலைப்பில் 'புதுவை' மட்டும் இருந்தால் மற்ற பெயர்களில் தேடுவோருக்கு எத்தனை முறை காட்டப்பட்டது என்று தனியே பார்க்க வேண்டும். வினவல் வடிகட்டியில் ரீஜெக்ஸ் (பல சொற்களை ஒரே வாய்பாட்டில் தேடும் முறை) தேர்ந்து, பெயர்களுக்கு நடுவே நெட்டுக்கோடு (|) போட்டால் ஒரே பட்டியல். 'பாண்டி' என்று மட்டும் போட்டால் பாண்டியர் தேடலும் சேர்ந்து வரும், முழுப் பெயர் போடுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டுவோருக்கு அதே பெயர்களை இன்னொரு முறை ஓட்ட வேண்டும். கடலூருக்கும் இதே கதைதான், நீலகிரிக் கூடலூரைத் தேடியவர்கள் இடையில் வந்து நிற்பார்கள்.

சர்ச் கன்சோலில் தரவு 16 மாதம் வரைதான். போன மாசி மகத்தையும் இந்த மாசி மகத்தையும் ஒப்பிட அது போதும், அதற்கு முந்தையதற்குப் போதாது. மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்து ஷீட்டில் போடுகிறோம். தேதி, க்ளிக், காட்டப்பட்ட தடவை, இன்னொரு பத்தியில் அன்றைய விசேஷம்: தீர்த்தவாரி, புயல் எச்சரிக்கை, நாள் முழுக்கக் கரண்ட் கட்.