சணல்நூல் அங்கி

இன்று காலை ஆராதனையில் புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்திலிருந்து 10-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். தேவனுடைய சந்நிதியை மறைத்த திரையைக் கடந்து தைரியமாக உள்ளே வரலாம் என்ற பகுதி.

என் மனம் பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்துக்கு ஓடிவிட்டது. முதல் பிரதான ஆசாரியரான ஆரோனின் இரு மகன்களின் சாவை நினைவூட்டித் தொடங்கும் அதிகாரம். திரைக்கு உள்ளே இருக்கும் மகா பரிசுத்த ஸ்தலத்தில் பாவநிவிர்த்தி செய்ய ஆண்டுக்கு ஒரு நாள், ஒரே ஒரு மனிதர்.

அன்று உள்ளே நுழையும்போது பிரதான ஆசாரியருக்குப் பொன்னும் மணிகளும் கிடையாது. நீராடி, வெறும் சணல்நூல் அங்கி அணிந்து போகிறார். தூபப்புகை கிருபாசனத்தை, அதாவது உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடியை, மறைக்க வேண்டும், இல்லையென்றால் சாவு.

பழைய ஏற்பாட்டில் சங்கீதங்களோடு நாம் நின்றுவிடுவது எனக்கு வருத்தம்தான். இந்த நடுக்கத்தை அறியாதவருக்கு அந்தத் தைரியத்தின் விலை எப்படித் தெரியும்?

நிருபத்தை எழுதியவர் அந்தத் திரையையே இயேசுவின் உடல் என்கிறார். ஆசாரியரின் நீராடலும் இரத்தத் தெளிப்பும் அங்கே எல்லா விசுவாசிகளுக்கும் உரியவையாகின்றன.