நெட் தமிழ்: என்னை இரண்டு முறை கவிழ்த்த ஒரு வரி

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில், தமிழ்ப் பாடத்தில், மூன்றாவது முறையில் தேறிவிட்டேன். ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை இல்லை, உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும். ஆனாலும் முடிவு வந்த ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். சங்க இலக்கியம், இலக்கணத்துக்கு வழிசொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இலக்கியக் கோட்பாட்டுப் பகுதியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பயிற்சி வகுப்பில் வாங்கிய ஜெராக்ஸ் குறிப்பில் ‘நோக்குநிலை என்பது கதைசொல்லி’ என்று ஒரே வரி. அதை நம்பியே இரண்டு தேர்வு போயிற்று. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பார்ப்பது யார் (நோக்குநிலை), பேசுவது யார் (கதைசொல்லி) என்பவை வேறு வேறு கேள்விகள் என்று பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் ஜெனெத் 1972-இலேயே பிரித்துக் காட்டிவிட்டார்.

எனக்கு அது விளங்கியது காரைக்குடி வீட்டு வளவில். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது அப்பத்தாவின் அப்பச்சி (அப்பா) நடந்தே ஊர் திரும்பிய கதை. “முகப்புல தாடியும் சடையுமா ஒரு ஆளு நிக்கிறாரு. பிச்சைக்காரருன்னு நெனச்சு அரிசி எடுக்க உள்ள ஓடுனேன்” என்றுதான் அப்பத்தா எப்போதும் தொடங்குவார். பேசுவது எண்பத்தொன்பது வயது அப்பத்தா. பார்ப்பது ஆறு வயதுப் பிள்ளை. வந்தவர் யாரென்று பேசுகிறவருக்குத் தெரியும், பார்க்கிற பிள்ளைக்குத் தெரியாது. பெற்ற அப்பச்சியே அந்நியராகத் தெரிகிறார். ரஷ்ய உருவவாதி ஷ்க்லோவ்ஸ்கி 1917-இல் எழுதிய பரிச்சய நீக்கம், அதாவது பழகியதைப் புதிதுபோலக் காட்டுவது, எனக்கு அங்கேதான் பிடிபட்டது. ரங்கூனில் கிளம்பியதும் காட்டுவழியும் கடைசியில்தான் வரும். ரஷ்ய உருவவாதிகளின் சொல்லில், நடந்த வரிசை ஃபாபுலா, அப்பத்தா அடுக்கிய வரிசை சூஜெத்.

மற்றவை சுருக்கமாக:

- ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டரின் (1927) கதைப்பின்னலுக்குக் (plot) காரணகாரியம் முக்கியம். சூஜெத்துக்கு அடுக்குமுறை. தமிழில் இரண்டையும் ‘கதைப்பின்னல்’ என்றே எழுதிவிடுகிறார்கள். பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து விடை போடுங்கள்.
- ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்த பிராப் (1928): கதைகளில் வரும் 31 செயல்கள், 7 பாத்திர வகைகள். 31-ஐயும் மனப்பாடம் செய்ய நான் உட்காரவில்லை.
- ரஷ்ய உருவவாதி ஐகென்பாம் என்றால் எழுத்தாளர் கோகோலைப் பற்றிய ஆய்வு, ‘ஸ்காஸ்’ என்னும் பேச்சுமொழிக் கதைசொல்லல்.

வரையறையை எழுதி எழுதிப் படித்தால் எனக்கு ஏறாது. தெரிந்த கதை ஒன்றை எடுத்து, பார்க்கிற ஆளை மாற்றி எழுதுவேன். அப்பத்தா கதையை அவருடைய ஆத்தா பார்ப்பதாக எழுதினேன். முகப்பில் நிற்பவரை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அரிசி எடுக்க யாரும் உள்ளே ஓடவில்லை.