புதிய வில்லும் பழைய தந்திகளும்: ஒரு டபுள் பாஸ் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

நல்ல வில் ஒன்று வாங்குவதற்கென்று ஓராண்டாகப் பணம் சேர்த்து வைத்த நான், அந்தத் தேடலின் முதல் நாளிலேயே தந்தியைப் பற்றி எழுத வேண்டி வந்தது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. வயலின் குடும்பத்திலேயே பெரிய கருவியான என் டபுள் பாஸில் இருப்பவை மூன்று ஆண்டுகளுக்கு முன் பூட்டிய ஸ்பைரோகோர் தந்திகள். வியன்னாவில் 1919இல் தொடங்கப்பட்ட தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் நிறுவனத்தின் இந்த எஃகுத் தந்திக்கு ஆயுள் கெட்டி. விரலால் மீட்டினால் ஸ்வரம் நெடுநேரம் நிற்கும் என்பதால் ஜாஸ் வாசிப்பவர்கள் பலர் அதை ஆண்டுக்கணக்கில் கழற்றுவதே இல்லை. ஆனால் நான் பெரும்பாலும் வில்லால் வாசிப்பவன். சில மாதங்களாக, நான்கு தந்திகளில் ஸ்ருதி மிகத் தாழ்ந்த 'ஈ' (E) தந்தியில் வில்லை வைத்தால் ஸ்வரத்துக்கு முன்னால் 'சரக்' என்று ஓர் உரசல் வருகிறது. பழியை வில்லின் மேல் போட்டு, கனமான வில் இருந்தால் தந்தியை அடக்கிவிடலாம் என்று எண்ணி, '145 கிராம்' என்று குறித்தும் வைத்திருந்தேன். இன்று நண்பர் ஒருவரின் உயர்தர வில்லை இரவல் வாங்கி வாசித்தபோதும் அதே உரசல் அதே இடத்தில் வந்தது.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாள் யோசித்ததில், முதலில் தந்தி, பிறகே வில் என்று முடிவாயிற்று. பழைய தந்தியை வைத்துக்கொண்டு வில்லைத் தேர்ந்தெடுப்பது, தேய்ந்த செருப்போடு நடந்து பார்த்துப் பாதையைக் குறை சொல்வது போலாகும்.

தந்தியின் குணத்தை முதலில் தீர்மானிப்பது அதன் உள்ளே இருக்கும் பொருள்தான். ஆட்டுக்குடல் நரம்பை உள்ளகமாகக் கொண்ட தந்தியின் நாதம் இருண்டு அகலமாக இருக்கும். ஆனால் ஈரப்பதம் சற்று மாறினாலும் ஸ்ருதி நகர்ந்துவிடும். எஃகு உள்ளகம் நிலையாக நிற்கும், தெளிவும் கூடுதல். இரண்டுக்கும் இடையில் செயற்கை இழை உள்ளகம் கொண்ட தந்திகள் இருக்கின்றன. 1798இல் தொடங்கிய ஜெர்மானிய நிறுவனமான பிராஸ்ட்ரோவின் ஒப்லிகாட்டோவும் ஈவா பிராஸ்ஸியும் அந்த வகையைச் சேர்ந்தவை. முன்பு ஒப்லிகாட்டோ பூட்டிய ஒரு கருவியை ஒரு மாதம் வாசித்திருக்கிறேன். அதன் மென்மை பிடித்திருந்தது என்றாலும் இசைக்குழுவின் நடுவில் என் ஸ்வரம் எனக்கே கேட்கவில்லை. ஆகவே ஈவா பிராஸ்ஸி, நடுத்தரக் கனத்தில். பொதிகளில் வைஷ், மிட்டெல், ஸ்டார்க் என்று ஜெர்மன் மொழியில் அச்சிட்டிருப்பதை மெல்லியது, நடுத்தரம், கனமானது என்று கொள்ள வேண்டும்.

தனிக்கச்சேரிக்கான சோலோ தந்திகளையும் யோசித்துப் பார்த்தேன். அவை ஒரு முழு ஸ்வரம் உயர்த்திக் கட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், இசைக்குழுவுக்கான தந்தியையே ஒரு ஸ்வரம் ஏற்றினால் இழுவிசை சுமார் 26 விழுக்காடு கூடும்; சோலோ தந்தியை மெல்லியதாகச் செய்வது அதனால்தான். அதையே வழக்கமான ஸ்ருதிக்கு இறக்கிக் கட்டி, கைக்கு இலகுவாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எனக்கு அவ்வளவு தளர்வு ஒத்துவராது.

மார்ச் 11, செவ்வாய்

தந்திகள் வந்தன, பூட்டியும் ஆயிற்று, கிட்டத்தட்ட ஒரு விபத்தோடு. நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் உள்ளே ஒட்டப்படாமல் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் ஒலித்தூண் விழுந்துவிடும் என்பது தெரியும். எனவே ஒவ்வொன்றாகத்தான் மாற்றினேன். தந்தி எளிதாக வழுக்குவதற்காகப் பள்ளங்களில் பென்சில் முனையைத் தேய்க்கவும் மறக்கவில்லை. மறந்தது குதிரையை, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டை. ஒவ்வொரு தந்தியும் ஏறத்தாழ 30 கிலோ அளவுக்கு இழுக்கிறது. முறுக்க முறுக்கத் தந்தி குதிரையின் மேல்விளிம்பையும் தன்னோடு விரற்பலகைப் பக்கம் இழுத்துச் செல்லும். மூன்றாவது தந்தியை ஏற்றும்போது தற்செயலாகப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன்: குதிரையின் பின்பக்கக் கால்விளிம்பு மரத்தை விட்டு எழும்பி, நடுவில் ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. தந்திகளைத் தளர்த்தி, இரு கைகளாலும் குதிரையைப் பிடித்துச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் தள்ளி நிமிர்த்தி முடிக்கும்போது சட்டை நனைந்துவிட்டது. இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது.

மார்ச் 19, புதன்

தந்திகள் படிந்துவிட்டன. முதல் மூன்று நாட்களின் உலோகக் கூச்சல் அடங்கியிருக்கிறது. உரசல் பாதியாகக் குறைந்தது, முழுதும் போகவில்லை.

மார்ச் 22, சனி

சோதித்துப் பார்ப்பதற்காக மூன்று விற்கள் வந்திருக்கின்றன. பன்னிரண்டு நாட்கள் வைத்துக்கொள்ளலாம். மூன்றும் மேலிருந்து பிடிக்கும் பிரெஞ்சு வகை. மூன்றும் பெர்னம்புகோ மரம். பிரேசிலில் வளரும் இந்த மரம் 2007 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. கார்பன் இழை வில் ஒன்று ஏற்கெனவே என்னிடம் உண்டு, திறந்தவெளிக் கச்சேரிகளுக்கு.

முதல் வில் 144 கிராம், நான் கனவு கண்ட எடை. இரண்டாவது 136 கிராம், இன்றும் பட்டறையில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவர் செய்தது. மூன்றாவது 132 கிராம், பழையது, கைபட்டுக் கைபட்டு மரம் செந்தேன் நிறமாகிவிட்டது. கைபிடிக்கும் பக்கத்து அடிக்கட்டையைக் கண்ணோரம் வைத்து முனைவரை பார்த்தபோது முதலிரண்டும் நேர்க்கோடாக நின்றன. மூன்றாவது முனைக்கு ஒரு சாண் முன்னால் மயிரிழை அளவு வலப்புறம் சாய்ந்திருந்தது. பிறகு ஒவ்வொன்றையும் ஆள்காட்டி விரலின் மேல் கிடத்திச் சமநிலைப் புள்ளியைத் தேடினேன். 136 கிராம் வில்லின் புள்ளி மற்ற இரண்டையும்விட முனைப்பக்கம் தள்ளி இருந்ததால், தராசில் முதல் வில்லைவிட லேசான அது கையில் கனமாகத் தோன்றியது. வில்லின் எடையை மட்டும் கேட்டு வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவனே.

வில்லில் கட்டிய குதிரைமுடி தந்தியைப் பற்றி இழுத்துச் சென்று, நழுவவிட்டு, மறுபடி பற்றுகிறது. ஈ தந்தியில் இது நொடிக்கு 41 முறை நடக்க வேண்டும். ஒரு சுற்றுக்கே 24 மில்லிநொடி ஆகிறது, நான்கு சுற்றில் நொடியின் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. வயலினுக்குக் கண்ணிமைப்பில் முடிகிற காரியம் நமக்குக் கேட்கும் அளவுக்கு நீள்கிறது என்பதால், பற்றும் அந்த முதல் கணத்தில்தான் பாஸ் வில்லின் தரம் தெரியும். 144 கிராம் வில் பழைய தந்திக்கு ஏற்றதாக இருந்திருக்கலாம். இந்தத் தந்தியை அது நசுக்கியது, ஸ்வரம் தொடங்கியதும் தொண்டை அடைத்தாற்போல் நின்றது. மூன்றாவது வில்லில் முடி தந்தியைத் தொட்டதும் ஸ்வரம் ஏற்கெனவே அங்கே காத்திருந்ததுபோல் எழுந்தது.

மார்ச் 24, திங்கள்

கீழிருந்து பிடிக்கும் ஜெர்மன் வகை வில்லை ஒரு நண்பர் வற்புறுத்திக் கையில் கொடுத்தார். பழைய டபுள் பாஸ் மேதைகளில் ட்ராகொனெட்டி கீழிருந்து பிடித்தார், பொட்டெசினி மேலிருந்து பிடித்தார், இருவரும் பெருங்கலைஞர்களே. என் மணிக்கட்டு இந்த வயதில் புதிய பிடியைக் கற்காது.

மார்ச் 27, வியாழன்

ஒத்திகை முடிந்து காலியான அரங்கில், செல்லோ வாசிக்கும் இளைய தோழியைப் பதினைந்து மீட்டர் தள்ளி முதுகைக் காட்டி உட்காரச் சொல்லி, எந்த வில் என்று சொல்லாமல் வாசித்தேன். கருவியின் அருகில் நின்று நான் கேட்பதும் அவையில் கேட்பதும் வேறு என்று அறிந்திருந்தும், அவர் சொன்னது என்னை உலுக்கியது. "அண்ணா, முதலில் வாசித்ததில் ஸ்வரம் எப்போது தொடங்கியதென்றே தெரியவில்லை. அடுத்ததில் வில்லை வைத்த இடம் துல்லியமாகக் கேட்டது, கொஞ்சம் முரடாக இருந்தாலும்." முதலாவது 144 கிராம், அடுத்தது, என் காதருகே கரகரத்து நான் ஒதுக்க நினைத்த 136 கிராம் வில். பழையதை அவர் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார். நடுவில் ஒரே வில்லைச் சொல்லாமல் இருமுறை வாசித்தபோது அவை இரண்டும் வெவ்வேறு வில் என்று உறுதியாகச் சொன்னதையும் நேர்மைக்காக எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

பழைய வில்லின் முனைத்தகடு யானைத் தந்தம், அதற்குரிய ஆவணம் எதுவும் இல்லை. வெளிநாட்டுக் கச்சேரிக்கு அதை எடுத்துச் சென்றால் சுங்கச் சோதனையில் இழக்க நேரலாம். தகட்டை மாற்றிக்கொள்ளலாமே என்றார்கள்; இன்னொருவர் கைவண்ணத்தில் நான் உளியை வைக்க விரும்பவில்லை. 136 கிராம் வில்லை வைத்துக்கொண்டேன். அதில் கட்டி வந்த முடி சற்று அடர்த்தி என்பதால் அடுத்த முறை மாற்றும்போது குறைக்கச் சொல்ல வேண்டும். முடியில் தேய்க்கும் பிசினான ரோசினும் இப்போது பாதி போதும்.

ஈ தந்தியில் எஞ்சிய உரசல் இந்த வில்லுக்கும் முழுதாக மசியவில்லை. மற்ற மூன்று தந்திகளும் வில்லை வைத்ததும் பேசும்போது இது மட்டும் தயங்குவதால், கனம்தான் காரணம் என்று தோன்றுகிறது. ஈ மட்டும் தனியாக, மிட்டெலுக்குப் பதில் வைஷ், வரவழைக்க எழுதிவிட்டேன். மற்ற இரு விற்களையும் நாளைக் காலை திருப்பி அனுப்ப வேண்டும். பழையதைப் பெட்டியில் வைப்பதற்கு முன் இன்னும் அரை மணி நேரம் வாசிக்கப் போகிறேன்.