அஞ்சு எண்ணும் வரை

கோத்தகிரியில் நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. எது பழுதானாலும் அதன் தலையில் பழியைப் போட்டுவிடலாம். கரண்ட் போனால் மழை, பஸ் வராவிட்டால் மழை, போன் மணி அடிக்க நேரமானால் அதுவும் மழை. நான் அமைத்த தொலைபேசி சர்வரின் கோளாறு ஒரு மாதம் வெளியே தெரியாமல் இருந்ததே இந்தப் பழக்கத்தால்தான்.

ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கான இணையவழித் தொலைபேசி அது. சிறு விவசாயி கூப்பிட்டால், எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, அந்த மாதப் பச்சைத்தேயிலை விலையையும் அவர் கணக்கில் எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்பதையும் சொல்லும். மேலே ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு இணைக்கும். வாசலில் அழைப்புகளை வாங்கி வழியனுப்பும் கமைலியோ என்ற மென்பொருள், அதற்குள் நான் லுவா மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட். மற்ற நாட்களில் தொல்லையில்லை. விலை அறிவிக்கும் நாளில் மட்டும் பாதிப் பேருக்கு லைனே கிடைக்கவில்லை.

சர்வர் எவ்வளவு திணறுகிறது என்று டாப் கமாண்ட் போட்டுப் பார்த்தேன். சிபியு 3 சதவீதம்! பிறகும் ஏதோ குருட்டு நம்பிக்கையில் கோயம்புத்தூரிலிருந்து 16 ஜிபி ராம் வரவழைத்துப் போட்டேன். தூங்குகிறவனுக்கு இன்னொரு கட்டில் வாங்கிக் கொடுத்த கதை.

வழி காட்டியது தொழிற்சாலையில் கணக்கெழுதும் அக்கா. "தம்பி, செல்லுல இருந்து அடிச்சுப் பார்த்தா, அஞ்சு எண்ணினாத்தாங்க மணி அடிக்குது. மழை பேஞ்சாலும் அஞ்சு, வெயிலடிச்சாலும் அஞ்சு."

எனக்குச் சுருக்கென்றது. நெரிசலால் வரும் தாமதம் ஒருமுறை இரண்டாக இருக்கும், இன்னொரு முறை ஏழாக இருக்கும். சொல்லிவைத்தாற்போல் ஐந்து என்றால் அது யாரோ எழுதி வைத்த எண். லினக்ஸில், பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களில் கேட்டது பதில் தராவிட்டால் அடுத்ததைக் கேட்கும் முன் காத்திருக்கும் நேரம் வழக்கமாக 5 விநாடி. புரோகிராம் எங்கே காத்து நிற்கிறது என்று காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியை ஓட்டினேன். அழைப்புகளைக் கவனிக்கும் ஒவ்வொரு வொர்க்கரும் 5000 மில்லிவிநாடி கெடு வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

தப்பு என்னுடையதுதான். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு அழைப்புக்கும் தரவுத்தளத்தோடு புதிதாக இணைந்தது, அதுவும் பெயரைச் சொல்லி, அதாவது ஒவ்வொரு முறையும் டிஎன்எஸைக் கேட்டு. முந்தைய மாதம் இன்டர்நெட் இணைப்பை மாற்றியபோது பழைய டிஎன்எஸ் முகவரி பட்டியலில் முதலிடத்திலேயே தங்கிவிட்டது. அங்கே இப்போது யாருமில்லை.

அதோடு போயிருந்தால் வெறும் தாமதம்தான். எங்களுக்கு இருந்தது 8 வொர்க்கர். இலை எடை போடும் இடத்தில் எட்டுத் தராசு, எட்டு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் மூட்டையைத் தராசில் வைத்துவிட்டு ஐந்து விநாடி வானத்தைப் பார்க்கிறார்கள். வரிசையில் நிற்பவராவது பொறுக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. போய்ச் சேர்ந்ததா என்று தானாகப் பார்க்காத யுடிபி வழியில், இன்வைட் என்ற அழைப்புச் செய்திக்குப் பதில் வராவிட்டால் அரை விநாடியில் மறுபடி அனுப்புவது, இணைய அழைப்புகளுக்கான சிப் நெறிமுறை. அப்புறம் 1.5-ஆவது விநாடியில், 3.5-ஆவது விநாடியில். 'வந்து சேர்ந்தது, பொறு' என்று சொல்லும் 100 டிரையிங் பதிலை நானோ தரவுத்தள வேலை முடிந்த பிறகுதான் அனுப்பினேன். ஆக, ஒரே மூட்டை நாலு தடவை தராசுக்கு வருகிறது, நாலு தடவையும் ஐந்து விநாடி. ஓர் அழைப்புக்கு 20 விநாடி. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு நிமிடத்தில் கிடைப்பது 480 விநாடி. வகுத்தால் நிமிடத்துக்கு 24 அழைப்பு. வரிசை நீண்டால் பிரதிகளும் கூடும், அதுவும் கிடைக்காது. விலை நாளில் அது எந்த மூலைக்கு?

சரிசெய்ய ஒரு மணி நேரம்தான் ஆனது. செத்த முகவரியை நீக்கினேன். 100 பதிலை முதல் வேலையாக அனுப்பி, வந்தது பிரதி என்றால் அங்கேயே நிறுத்தினேன். தரவுத்தள இணைப்பை வொர்க்கர் தொடங்கும்போதே திறந்து வைத்தேன். முதலாவது ஒன்றே போதும்தான். ஆனால் நாளைக்கு வேறொன்று செத்தால் எட்டுப் பேரும் மறுபடி வானம் பார்க்கக் கூடாதே.

ராம் இன்னும் அதிலேயே இருக்கிறது, முக்கால்வாசி காலியாக.

அடுத்த விலை நாளில் அக்கா கூப்பிட்டார். "ஒண்ணுன்னு சொல்றதுக்குள்ள மணி அடிச்சிருதுங்க தம்பி. எல்லாருக்கும் லைன் கிடைக்குது. இப்ப அத்தனை பேரும் வெல ஏன் இவ்வளவு கம்மின்னு என்னையத்தான் கேக்கறாங்க."