தேயத் தேயப் பெரிதாகும் வெள்ளி

2024 அக்டோபர் 19

சூரியன் இறங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். மேற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே வெள்ளி. ஜூன் மாதம் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய் ஒளிந்திருந்தது, இப்போது அந்தி வானத்துக்கு நன்றாகவே வந்துவிட்டது. வரும் மார்ச் வரை இதை விடாமல் பின்தொடர்வது என்று முடிவு செய்து, கோடு போடாத நோட்டு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

முறை எளிது. வானில் தெரியும் விட்டம் ஒரு வில்விநாடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்றால் நோட்டில் ஒரு மில்லிமீட்டர். விட்டத்தைப் பஞ்சாங்க அட்டவணையிலிருந்து எடுத்துக் காம்பஸால் வட்டம் போட்டுக்கொள்வேன். வெளிச்சம் எதுவரை என்பதை மட்டும் டெலஸ்கோப்பில் பார்த்துக் கையால் வரைவேன். இன்றைய வட்டம் 13 மி.மீ., ஒரு சட்டைப் பொத்தான் அளவு.

28 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் சின்ன வெள்ளை உருண்டை, அவ்வளவுதான். கலிலியோவின் நல்ல குழல்கள் ஏறக்குறைய 20 மடங்குதான் பெருக்கின. அவரும் முதலில் இப்படித்தான் பார்த்திருக்க வேண்டும்.

அக்டோபர் 27

ஐபீஸை மாற்றி 70 மடங்கில் பார்த்தேன். காற்று கொதித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் காத்திருந்ததில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நொடி, படம் சட்டென்று நின்றது. உருண்டை முழு உருண்டை இல்லை. ஒரு ஓரம் லேசாகச் சீவினாற்போல இருக்கிறது.

டெலஸ்கோப்பில் இருக்கும் மூலைக்கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டும். அதை மறந்து முதல் படத்தை இடவலம் மாற்றி வரைந்திருக்கிறேன். அழிக்கவில்லை, பக்கத்தில் குறித்து வைத்தேன். வெளிச்சப் பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தபடிதான் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நவம்பர் 9

வெள்ளியின் பிறையைத்தான் எல்லோரும் படமாகப் போடுகிறார்கள். பார்க்க அழகு, ஆச்சரியம், எல்லாம் சரி. ஆனால் வானியலின் வரலாற்றைத் திருப்பிப் போட்டதில் பெரும்பங்கு இப்போது தெரிகிற, யாரும் ஏறிட்டுப் பார்க்காத இந்த முக்கால் வட்டத்துக்குத்தான் என்பது என் எண்ணம். இதைத் தங்கை மகனுக்குச் சொல்லப் போய், வாயால் சொல்லி முடியாமல் மேசை விளக்கையும் ஒரு வெள்ளைப் பந்தையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அறையை இருட்டாக்கி, நான் நாற்காலியில் பூமியாக உட்கார்ந்துகொண்டேன். எதிரே மேசையில் விளக்கு, அதுதான் சூரியன். அவன் கையில் பந்து.

பழங்கால வானியலாளர் தாலமியின் அமைப்பில் பூமிதான் நடுவில்; வெள்ளி ஒரு சிறுவட்டத்தில் சுழலும். அந்தச் சிறுவட்டத்தின் மையம் எப்போதும் பூமியையும் சூரியனையும் சேர்க்கிற கோட்டை விட்டு விலகாது. வெள்ளி சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் நகராமல் இருப்பதற்கு அவர்கள் கண்ட வழி அது. சிறுவட்டம் முழுவதும் நமக்கும் சூரியனுக்கும் நடுவிலேயே இருக்கும். அவனை விளக்குக்கு இந்தப் பக்கமே நின்று பந்தைச் சிறு வட்டமாகச் சுற்றச் சொன்னேன்.

“என்ன தெரியுது மாமா?”

“ஓரத்துல மட்டும் வெளிச்சம். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். மத்ததெல்லாம் இருட்டு.”

அப்புறம் விளக்கையே சுற்றி வரச் சொன்னேன். விளக்குக்குப் பின்னால் போனதும் பந்து முழுசாக வெளுத்தது, பக்கவாட்டில் வரும்போது பாதி, என் பக்கம் வந்ததும் மெல்லிய கீற்று. பந்தை அவனிடமிருந்து வாங்கி, அவனை நாற்காலியில் உட்காரவைத்து நானும் ஒரு சுற்று வந்தேன்.

தாலமியின் வெள்ளி பிறையாகலாம், ஆனால் ஒருநாளும் முக்கால் வட்டம் ஆக முடியாது. சூரியனுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தால் கதை மாறும்: எப்போதும் ஏறக்குறைய முழுசாகவே தெரியும், பிறை வராது. இரண்டும் ஒரே கோளில் தெரிய வேண்டுமானால் அது சூரியனைச் சுற்றித்தான் ஆக வேண்டும். இன்று என் நோட்டில் இருக்கும் 15 மி.மீ. வட்டத்தில் நாலில் மூன்று பங்கு வெளுப்பு. அந்த மூன்று பங்குக்குத் தாலமியிடம் இடமே இல்லை.

நவம்பர் 21

மேகம். ஐந்தாவது நாள்.

டிசம்பர் 11

414 ஆண்டுகளுக்கு முன்பு, 1610-இல், இதே தேதியில் கலிலியோ ஃபுளோரன்ஸிலிருந்து பிராகில் இருந்த டஸ்கனித் தூதர் ஜூலியானோ தெ மெடிசிக்கு ஒரு கடிதம் எழுதினார். பிராகிலேயே இருந்த வானியலாளர் கெப்ளர் கண்ணில் படவேண்டும் என்றுதான் எழுதினார். அதில் ஒரு லத்தீன் வாக்கியம்: ‘பழுக்காத இவற்றை நான் ஏற்கெனவே வீணாக வாசித்துவிட்டேன்’ என்பது போலப் பொருள் வரும். கடைசியில் எங்கும் பொருந்தாத இரண்டு எழுத்துகள். எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால்தான் உண்மையான செய்தி கிடைக்கும். கண்டுபிடிப்பை வெளியே சொல்லாமலே ‘நான்தான் முதலில் பார்த்தேன்’ என்று பதிவு செய்துகொள்ள அந்தக் காலத்தில் இருந்த வழி அது. கெப்ளர் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை.

1611 ஜனவரி 1-ஆம் தேதி கலிலியோவே விடையை எழுதி அனுப்பினார்: ‘காதலின் தாய் சிந்தியாவின் உருவங்களைப் பின்பற்றுகிறாள்.’ காதலின் தாய் என்றால் வீனஸ், அதாவது வெள்ளி. சிந்தியா நிலா.

இன்றைய வட்டம் 19 மி.மீ. சீவிய ஓரம் இப்போது 28 மடங்கிலேயே தெரிகிறது.

டிசம்பர் 29

ஒரு பழைய வழக்கைப் பற்றி எழுத வேண்டும். நோட்டில் இவ்வளவு படம் சேர்ந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கலிலியோ அந்தப் புதிரை அனுப்புவதற்கு ஆறு நாள் முன்பு, டிசம்பர் 5-இல், அவருடைய மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி பிரெஷியாவிலிருந்து அவருக்கு எழுதினார். கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்று கோப்பர்நிக்கஸ் சொன்னது சரியென்றால் வெள்ளி சில சமயம் கொம்புள்ள பிறையாகவும் சில சமயம் அப்படி இல்லாமலும் தெரிய வேண்டுமே, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். ஆகவே யோசனை காஸ்டெல்லியுடையது, கலிலியோ அதை அவசரமாகத் தனதாக்கிக்கொண்டார் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

டிசம்பர் 30-ஆம் தேதி கலிலியோ காஸ்டெல்லிக்கும் ரோமிலிருந்த இயேசு சபைக் கணித அறிஞர் கிளாவியஸுக்கும் எழுதிய கடிதங்களில் சொல்வது வேறு: அந்தியில் பார்க்கத் தொடங்கியபோது வெள்ளி வட்டமாக, மிகச் சிறியதாக இருந்தது; பல நாள் அப்படியே இருந்தது; பிறகு சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் வட்டம் குறையத் தொடங்கியது; பாதியானது; இப்போது கொம்பு முளைக்கிறது.

நமக்குத் தெரிகிற வெள்ளியின் வடிவச் சுற்று 584 நாளில் திரும்ப வரும். அப்படி 259 சுற்றுகள் பின்னால் போனால் 1610–11-ஆம் ஆண்டின் அந்தி வெள்ளியில் போய் நிற்கும். அவருடைய வெள்ளி என்னுடையதைவிட மூன்று வாரத்துக்கும் கொஞ்சம் மேலாக முன்னால் ஓடியது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் என் படங்களை அவருடைய வாக்கியங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. காஸ்டெல்லி எழுதிய நாளில் அவர்களின் வெள்ளி எப்படி இருந்ததோ, ஏறக்குறைய அப்படித்தான் என் வெள்ளி இன்று இருக்கிறது: பாதிக்குச் சற்று மேல். வட்டம் குறையத் தொடங்கியது எனக்கே சின்னப் பெருக்கத்தில் இரண்டரை வாரம் முன்பே தெரிந்துவிட்டது. கவனத்தோடு அக்டோபரிலிருந்து பார்த்துவந்த ஒருவருக்கு டிசம்பர் 5-இல் கடிதம் தேவைப்பட்டிருக்காது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்று நான் நம்புகிறேன். காஸ்டெல்லி பார்க்காமலே கேள்வியைச் சரியாகக் கேட்டாரே, அந்தப் பெருமை அவருக்குத்தான்.

2025 ஜனவரி 6

பாதி! வெளிச்சத்தின் எல்லை அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கிறது. ஆனால் கணக்குப்படி இதற்கு இன்னும் சில நாள் பாக்கி. திரும்பத் திரும்பப் பார்த்தேன், நேர்கோடுதான்.

என் கண்ணின் பிழை மட்டும் இல்லை இது. ஜெர்மானியர் ஷ்ரோட்டர் 1793-இலேயே இதைக் கவனித்திருக்கிறார். மாலையில் தெரியும்போது பாதி வெள்ளி கணக்கைவிட முன்னதாகவும், விடியலில் தெரியும்போது தாமதமாகவும் வருகிறது. பகலும் இரவும் சேரும் ஓரத்தில் வெளிச்சம் மங்கித் தேய்ந்துவிடுவதால் கண்ணுக்கு அந்த ஓரம் இருட்டாகவே படுகிறது. நிலாவில் இப்படி மங்கினாலும் மேடுபள்ளங்களின் நிழல் எல்லையைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, மேலே முழுக்க மேகம்.

ஒன்று கற்றுக்கொண்டேன்: நன்றாக இருட்டிய பிறகு பார்க்கக் கூடாது. கருப்பு வானத்தில் அதன் ஒளி கண்ணைக் கூசவைத்து வடிவத்தைக் கெடுத்துவிடுகிறது. வானம் இன்னும் நீலமாக இருக்கும்போது பார்த்தால் ஓரம் கத்திபோல் இருக்கிறது.

ஜனவரி 10

இன்று சூரியனிலிருந்து அதிகபட்சத் தொலைவு, 47 பாகை. வட்டம் 24 மி.மீ.

பிப்ரவரி 1

மெல்லிய நிலாவும் பக்கத்தில் வெள்ளியும். நிலாவைப் பார்த்துவிட்டு டெலஸ்கோப்பை வெள்ளிக்குத் திருப்பினால் அதேபோல இன்னொன்று, கொஞ்சம் பருத்த பிறை, வெளிச்சம் அதே பக்கம். தங்கை மகன் மாறி மாறிப் பார்த்தான். “ரெண்டுக்கும் ஒரே லைட்டு” என்றான்.

பிப்ரவரி 15

இந்த நாட்களில்தான் வெள்ளியின் ஒளி உச்சம். தட்டில் நாலில் ஒரு பங்குதான் வெளிச்சம், ஆனால் வட்டம் 40 மி.மீ. ஆகிவிட்டது. பங்கு குறைந்தாலும் பரப்பு அதைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது. அக்டோபரில் சுமார் 19 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது, இப்போது 6 கோடி சொச்சம்.

கோப்பர்நிக்கஸின் நூல் 1543-இல் வந்ததிலிருந்து அவருக்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி இருந்தது. வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்றால் அதன் தொலைவு ஆறு மடங்கு மாற வேண்டும், பரப்பு முப்பத்தாறு மடங்கு மாற வேண்டும். ஒளி ஏன் அப்படி மாறவில்லை? வெறுங்கண்ணால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. அருகில் வரும்போது பிறையாகிவிடுகிறது, அதனால்தான். என் நோட்டின் ஒரே பக்கத்தில் இப்போது அந்தப் பதில் இருக்கிறது: மேலே முக்கால் வெளுத்த பொத்தான், கீழே கால்பங்கு வெளுத்த பெரிய வட்டம். வெளுத்த பரப்பைக் கணக்கிட்டால் கீழே இருப்பது மேலே இருப்பதைப்போல மூன்று மடங்குதான்.

மார்ச் 2

இத்தனையும் சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்று காட்டியாயிற்று. பூமியும் சுற்றுகிறது என்று இதிலிருந்து காட்ட முடியாது. வானியலாளர் டைக்கோ பிராஹே 1588-இல் வெளியிட்ட அமைப்பில் கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றும், சூரியன் அவற்றையும் இழுத்துக்கொண்டு அசையாத பூமியைச் சுற்றும். அதிலும் வெள்ளிக்கு இதே வடிவங்கள்தான் வரும், ஒரு மி.மீ. கூட மாறாது. ரோமில் இயேசு சபையின் கணித அறிஞர்கள் 1611 ஏப்ரலில் கர்தினால் பெல்லார்மினுக்கு எழுதிய பதிலில், வெள்ளி நிலாவைப்போலத் தேய்ந்து வளர்வது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். பின்னர் அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது டைக்கோவிடம். அது பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த சான்றுக்கு அது பொருந்தியது. பூமி நகர்கிறது என்பதற்கு முதல் நேரடிச் சான்று, விண்மீன்களின் ஒளிப் பிறழ்ச்சி (பூமியின் ஓட்டத்தால் அவை சற்று இடம் மாறித் தெரிவது), ஆங்கிலேய வானியலாளர் பிராட்லியின் கைக்கு வந்து சேர்ந்தது 1720-களின் கடைசியில்தான்.

மார்ச் 13

சூரியன் முழுதும் மறைந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே பைனாகுலரை எடுத்தேன். இந்த நாட்களில் இரண்டும் மிக அருகில் இருக்கின்றன, கவனமில்லாமல் தேடினால் கண் போய்விடும்.

பைனாகுலரிலேயே பிறை! நகம் வெட்டிப் போட்டதுபோல ஒரு கீற்று. டெலஸ்கோப்பில் அது வளைந்த வெள்ளைக் கம்பியாக நடுங்கியது. வட்டம் 57 மி.மீ. நூற்றில் நாலு பங்கு வெளிச்சம். பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்துக்கு வெளியே போய்விட்டது கோடு. பென்சிலை எவ்வளவு கூராக்கினாலும் கீற்று என் கையில் தடித்துவிடுகிறது. மூன்று முறை வரைந்தேன். மூன்றாவதும் தடிமன்தான், அதையே வைத்துக்கொண்டேன்.

மார்ச் 23

இன்று வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் இடையில். சூரியனுக்கு வடக்கே எட்டுப் பாகை தள்ளிப் போகிறது, அதனால் தட்டின் மேல் கரும்புள்ளியாகத் தெரியாது. அப்படி நேராகக் கடந்ததைக் கடைசியாகப் பார்த்தது 2012 ஜூனில், அடுத்தது 2117 டிசம்பர்.

ஏப்ரல் 8

விடியலுக்கு முன் எழுந்து கிழக்கே பார்த்தேன். விடிவெள்ளி ஏறியிருந்தது. மறுபடி பிறை, ஆனால் இந்த முறை கொம்புகள் மறுபக்கம். மூலைக்கண்ணாடியை நினைத்துக்கொண்டு, அவசரப்படாமல், சரியான பக்கத்தில் வரைந்தேன். இனி வட்டம் சுருங்கும், வெளுப்பு நிறையும். தங்கை மகன் நோட்டின் புதுப் பக்கத்தில் காம்பஸால் துளையிட்டுத் தேதி எழுதித் தந்திருக்கிறான், வட்டத்தை அவன்தான் போடுவானாம்.