மன்ஸ்டர் ரோடு, 92ஆம் எண்

மே 17, 2025, சனி

ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி, ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறி, பார்சன்ஸ் கிரீனில் இறங்கி நடந்தேன். மன்ஸ்டர் ரோட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். 92ஆம் எண் வீட்டுச் சுவரில், லண்டனில் பேர்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளில் பதிக்கும் அந்த நீல வட்டப் பலகை மட்டும் இல்லையென்றால் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கிறிஸ்டினா புரூம், புகைப்படக்காரர், 1862–1939. கணவர் இறந்த பிறகு 1913இல் மகளோடு இங்கே குடிவந்தவர், சாகும்வரை இங்கேயே இருந்தார். பலகையை, பழைய கட்டடங்களைப் பேணும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு போன வருடம்தான் பதித்தது. பிரிட்டனின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்கிறார்கள். 'முதல்' என்ற பட்டங்கள் மேல் எனக்குப் பெரிய மோகம் இல்லை, ஆனால் இவர் கதை வேறு மாதிரி.

மே 18, ஞாயிறு

மழை, வீட்டிலேயே இருந்து வாசித்தேன். கணவர் ஆல்பர்ட்டுக்குக் கிரிக்கெட் ஆடும்போது காலில் அடிபட்டது. இரும்புச் சாமான் கடையும் படுத்துவிட்டது. 1903இல், நாற்பது வயதில், ஒரு பெட்டி கேமராவை இரவல் வாங்கித் தானாகவே கற்றுக்கொண்டார் கிறிஸ்டினா. கலை ஆர்வம், கனவு என்றெல்லாம் எழுத இடமே இல்லை, அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆரம்பித்த நேரமும் கூடி வந்திருக்கிறது. 1902 வரை பிரிட்டனில் அஞ்சலட்டையின் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கே. அந்த வருடம் தபால் துறை விதியை மாற்றி, முகவரியையும் சேதியையும் ஒரே பக்கத்தில் எழுதலாம் என்றது. மறுபக்கம் மொத்தமும் படத்துக்குக் கிடைத்தது. பட அட்டை வாங்குவது ஊருக்கே பைத்தியமாகிப் போனது. பக்கிங்காம் அரண்மனை லாயத்து வாசலில் கடை போட்டு அட்டை விற்றார் இவர்.

மே 21, புதன்

வேலை முடிந்து வந்து இணையத்தில் அவருடைய படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் சாப்பாடு ஆறிவிட்டது. ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போகும் பெண்கள், படைக் குடியிருப்பில் சிரித்துக்கொண்டு நிற்கும் சிப்பாய்கள், முதல் உலகப் போருக்குக் கிளம்புகிறவர்கள். இவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ. கனமான கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் தூக்கிக்கொண்டு போய் எடுத்த படங்கள், மொத்தம் சுமார் 40,000 இருக்கும் என்கிறார்கள். சிப்பாய்கள் இவ்வளவு சகஜமாக நிற்பதைப் பார்த்தால், படம் எடுக்க வந்த அந்த அம்மாவை அவர்களுக்குப் பிடித்திருந்தது என்றுதான் தோன்றுகிறது.

அட்டைகளில் பெயர் 'மிஸஸ் ஆல்பர்ட் புரூம்'. கணவர் 1912இல் இறந்த பிறகும் தொழிலில் அதே பெயர்தான். பலகையிலாவது கிறிஸ்டினா என்று இருக்கிறதே.

மே 25, ஞாயிறு

இன்று மகள் வினிஃப்ரெட்தான் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு உதவப் பள்ளிக்கூடத்தை விட்ட பெண். முன்பு அவர்கள் பர்ன்ஃபுட் அவென்யூவில் இருந்தபோது கரி கொட்டும் நிலவறைதான் படம் கழுவும் இருட்டறை. ஒருமுறை ஒரே ராத்திரியில் 1,000 அட்டை அச்சிட்டார்களாம். மருந்துத் தண்ணீரில் கைவிட்டுக் கழுவி, உலர்த்தி, விடிந்ததும் விற்கக் கொண்டுபோக வேண்டும். தலைப்புகளை அழகான கையெழுத்தில் எழுதித் தந்தது அப்பா. ஆக அது ஒரு குடும்பத் தொழில், கேமராவுக்குப் பின்னால் நின்றவர் மட்டும் கிறிஸ்டினா. அம்மா போன பிறகு நெகட்டிவ்களைத் தூக்கிப் போடாமல் பொது நிறுவனங்களிடம் சேர்த்ததும் வினிஃப்ரெட்தான். அது நடக்காமல் போயிருந்தால் சுவரில் பலகையும் வந்திருக்காது.

சரி, பலகைக்கான விதிகளைப் பார்த்தேன். இறந்து இருபது வருடமாவது ஆகியிருக்க வேண்டும், அவர் வாழ்ந்த கட்டடம் இன்னும் நிற்க வேண்டும், வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். பரிந்துரை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டு பேருக்கு ஒரே பலகை என்பதும் புதிதில்லை: ஹாம்ஸ்டெட்டில் புகைப்படக்காரர் லீ மில்லரும் ஓவியர் ரோலண்ட் பென்ரோஸும் ஒன்றைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். அப்படியிருக்க இங்கேயும் மகளின் பெயரைச் சேர்த்திருக்கலாம். பதித்ததை இனி யாரும் பெயர்த்தெடுக்கப் போவதில்லை, தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.